திரையில் தெரியும் புள்ளியெல்லாம் மீன் அல்ல! ஃபிஷ் ஃபைண்டரில் சென்சிட்டிவிட்டியைச் சரியாக வைக்கும் முறை

கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என நீளும் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் இன்று கட்டுமரத்தைவிட ஃபைபர் படகுகளே அதிகம். 2004 சுனாமியில் கட்டுமரத்தையும் வலையையும் இழந்த பலருக்கு நிவாரணமாகக் கிடைத்தவை ஃபைபர் படகுகள்தான். படகு மாறியதும் படகில் இருக்கும் கருவிகளும் மாறின. ஜி.பி.எஸ்., வயர்லெஸ் வரிசையில் இப்போது ‘எக்கோ’ எனப்படும் ஃபிஷ் ஃபைண்டரும் சேர்ந்துவிட்டது.

கருவியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்தான் சிக்கல். வாங்கிய அன்று கடைக்காரர் வைத்துக் கொடுத்த செட்டிங்கிலேயே வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ‘ஏற்றி வைத்தால் நிறைய மீன் தெரியும்’ என்று சென்சிட்டிவிட்டியை 100 வரை தள்ளிவிடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் நஷ்டம்தான். முதல் வழியில், கீழே இருக்கிற மீன் கண்ணில் படாமல் போகிறது. இரண்டாவது வழியில், இல்லாத மீனுக்கு வலை இறங்குகிறது. வீணாக ஒருமுறை வலை இறக்கி ஏற்றினால் எரிபொருள், ஆள்கூலி, நேரம் மூன்றும் போய்விடும். அதற்குள் ஏலக் கூடத்தில் நல்ல விலை கிடைக்கும் நேரமும் கடந்துவிடும்.

சென்சிட்டிவிட்டி என்ற இந்த ஒரு செட்டிங்கைப் புரிந்துகொண்டால், ஏற்கெனவே படகில் இருக்கும் கருவியே கூடுதலாக வேலை செய்யும். புதுக்கருவி வாங்க வேண்டியதில்லை.

ஒலி போய்த் திரும்பும் நேரம்

மலையடிவாரத்தில் நின்று கூப்பிட்டால் குரல் திரும்பி வருகிறது அல்லவா? ஃபிஷ் ஃபைண்டர் செய்வதும் அதேதான். படகின் அடியில் அல்லது பின்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கும் டிரான்ஸ்டியூசர், நம் காதுக்குக் கேட்காத ஒலியைக் கீழே அனுப்புகிறது. கடல் நீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் வேகத்தில் செல்லும். 30 மீட்டர் ஆழத்தில் தரை இருந்தால், ஒலி போய்த் திரும்ப ஒரு விநாடியில் 25-ல் 1 பங்கு நேரம்தான் ஆகும். இந்த நேரத்தை வைத்துக் கருவி ஆழத்தைக் கணக்கிடுகிறது. வழியில் மீன் இருந்தால் அதில் பட்டும் ஒலி திரும்பும். அதுதான் திரையில் புள்ளியாகவும் வில் போன்ற வளைவாகவும் தெரிகிறது.

ஒலி நேர்க்கோடாக இறங்குவதில்லை. டார்ச் லைட் வெளிச்சம் போலக் கூம்பாக விரிந்து இறங்கும். 20 டிகிரி விரிவு உள்ள டிரான்ஸ்டியூசர் என்றால் 10 மீட்டர் ஆழத்தில் மூன்றரை மீட்டர் அகலமுள்ள வட்டத்தையும், 30 மீட்டர் ஆழத்தில் பத்தரை மீட்டர் அகலமுள்ள வட்டத்தையும்தான் அது பார்க்கும். வட்டத்துக்கு வெளியே பெருங்கூட்டம் நின்றாலும் திரையில் வராது.

பெரும்பாலான கருவிகளில் 200 கிலோஹெர்ட்ஸ், 50 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கும். 200-ல் கூம்பு குறுகலாக இருக்கும்; படம் துல்லியமாகத் தெரியும்; கரையோரக் கடலுக்கு ஏற்றது. 50-ல் கூம்பு அகலம், ஆழ்கடல்வரை போகும், ஆனால் நுணுக்கம் குறையும். கரையிலிருந்து கிளம்பி அன்றே திரும்பும் ஃபைபர் படகுகளுக்குப் பெரும்பாலும் 200-ஏ போதும்.

ரேடியோவும் சென்சிட்டிவிட்டியும்

சென்சிட்டிவிட்டியைச் சில கருவிகளில் ‘கெயின்’ என்று போட்டிருப்பார்கள். இதைக் கூட்டினால் கருவி அதிக சக்தியோடு ஒலியை அனுப்பும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அனுப்பும் ஒலி அதேதான். திரும்பி வரும் ஒலியை எந்த அளவுக்குப் பெருக்கிக் காட்ட வேண்டும் என்பதைத்தான் இந்த செட்டிங் முடிவு செய்கிறது.

பழைய ரேடியோவில் தூரத்து ஸ்டேஷனைக் கேட்க வால்யூமைத் திருகினால் பாட்டு சத்தமாகும். கூடவே கரகர இரைச்சலும் சத்தமாகும். இங்கும் அதே கதைதான். சென்சிட்டிவிட்டியை ஏற்றினால் மீனின் எதிரொலி பெரிதாகும். நீர்க்குமிழி, மிதக்கும் அழுக்கு, நுண்ணுயிர்கள், இன்ஜின் இரைச்சல் ஆகியவற்றின் எதிரொலியும் பெரிதாகும். ஒரு கட்டத்துக்கு மேல் இரைச்சல் மீனை மூடிவிடும். குறைத்தால் திரை சுத்தமாக, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மங்கலான மீனும் இரைச்சலோடு சேர்ந்து மறைந்துவிடும்.

ஆழமும் இதில் முக்கியம். ஆழம் இரண்டு மடங்கானால், ஒரு மீனிலிருந்து திரும்பும் எதிரொலி 16-ல் 1 பங்காகக் குறைந்துவிடும். இதை ஈடுகட்டும் ஏற்பாடு கருவிக்குள்ளேயே ஓரளவுக்கு இருக்கிறது. ஆனாலும் 5 பாகத்தில் பொருத்தமாக இருந்த செட்டிங் 20 பாகத்தில் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆழம் கூடக் கூட சென்சிட்டிவிட்டியைக் கூட்டுவதும், கரைக்கு வரவரக் குறைப்பதும் பொது விதி.

வஞ்சிரம் ஏன் மங்கலாகத் தெரிகிறது?

மீனின் உடலில் ஒலியை அதிகமாகத் திருப்பி அனுப்புவது சதையோ செதிலோ அல்ல. உள்ளே இருக்கும் காற்றுப்பைதான். கத்தாழை மீனில் ‘நெட்டி’ என்று தனியாக எடுத்து விற்கிறார்களே, அதுதான் இந்த உறுப்பு. மீனின் சதை ஏறக்குறைய தண்ணீரைப் போன்றது என்பதால் ஒலி அதை ஊடுருவிச் சென்றுவிடும். காற்று அப்படி அல்ல. ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். காற்றுப்பை உள்ள மீன்களில் எதிரொலியின் 90 சதவிகிதத்துக்கும் மேல் அந்தப் பையிலிருந்துதான் வருகிறது.

கவலை, நெத்திலி, சங்கரா, களவா, ஷீலா, கத்தாழை போன்ற மீன்களுக்குக் காற்றுப்பை உண்டு. இவை திரையில் பளிச்சென்று தெரியும். ஆனால், சந்தையில் அதிக விலைக்குப் போகும் வஞ்சிரத்துக்குக் காற்றுப்பை கிடையாது. சூரை, சுறா, திருக்கை, கணவாய், இறால் ஆகியவற்றுக்கும் இல்லை. இவற்றின் எதிரொலி மிகவும் பலவீனமாக இருக்கும். ஒரு முழம் நீளமுள்ள வஞ்சிரம், அதைவிடச் சிறிய சங்கராவைவிட மங்கலாகத் தெரியலாம். ‘புள்ளி பெரிதாக இருந்தால் மீனும் பெரிது’ என்ற கணக்கு இங்கேதான் பொய்க்கிறது.

சென்சிட்டிவிட்டியைக் குறைத்து வைத்திருக்கும் படகு, கவலைக் கூட்டத்தைப் பார்க்கும். அதைத் துரத்தி வந்திருக்கும் வஞ்சிரத்தைப் பார்க்காது. அளவுக்கு மீறி ஏற்றி வைத்திருக்கும் படகிலோ, இரைச்சல் புள்ளிகளுக்கு நடுவே வஞ்சிரம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. விலை உயர்ந்த மீனைத் தேடுபவர்களுக்குத்தான் இந்த செட்டிங் மிகவும் முக்கியம்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். வஞ்சிரம் பெரும்பாலும் மேல்நீரில் ஓடும் மீன். 5 மீட்டர் ஆழத்தில் 20 டிகிரி கூம்பின் அகலம் 2 மீட்டர்கூட இல்லை. அந்த இடத்துக்குள் மீன் வந்து போவது அரிது. அதனால் இரை மீன் கூட்டம் எந்த ஆழத்தில் நிற்கிறது, திடீரென்று இறுகுகிறதா, சிதறுகிறதா என்று பார்ப்பதும், கூட்டத்தின் ஓரத்தில் தெரியும் மங்கலான கீற்றுகளைக் கவனிப்பதும்தான் நல்ல வழி. மேலே பறவைகள் வட்டமடிக்கின்றனவா, தண்ணீர் கொந்தளிக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதை எந்தக் கருவி வந்தாலும் விட்டுவிடக் கூடாது.

படிப்படியாக செட் செய்யும் முறை

கடல் அமைதியாக இருக்கும் காலை நேரத்தில், தரை சமமாக உள்ள இடத்தில் இதைச் செய்வது நல்லது. உதாரணமாக 10 பாகம், அதாவது சுமார் 18 மீட்டர் ஆழம் உள்ள இடம் என்று வைத்துக்கொள்வோம்.

1. படகின் வேகத்தை நன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். அலைவரிசையை 200-ல் வைக்க வேண்டும்.

2. சென்சிட்டிவிட்டியை ‘ஆட்டோ’விலிருந்து ‘மேனுவல்’ நிலைக்கு மாற்ற வேண்டும். இரைச்சலைக் குறைக்கும் ஃபில்டர்கள் இருந்தால் அவற்றைத் தற்காலிகமாக அணைத்துவிட வேண்டும்.

3. ‘ரேஞ்ச்’ என்ற ஆழ எல்லையை, தரையின் ஆழத்தைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும். 18 மீட்டர் ஆழத்துக்கு 40 மீட்டர் போதும். இப்போது தரை திரையின் நடுவில் தெரியும்.

4. சென்சிட்டிவிட்டியை மெதுவாக ஏற்ற வேண்டும். ஒரு கட்டத்தில், தரைக்குக் கீழே சரியாக இரண்டு மடங்கு ஆழத்தில், அதாவது 36 மீட்டரில், இன்னொரு தரை மங்கலாகத் தோன்றும். இது உண்மையான தரை அல்ல. தரையில் பட்ட ஒலி மேலே வந்து, கடலின் மேற்பரப்பில் பட்டு மீண்டும் கீழே போய்த் திரும்பும் இரண்டாவது எதிரொலி. அவ்வளவு பலவீனமான ஒலியையே கருவி காட்டுகிறது என்றால், மங்கலான மீனையும் காட்டும் அளவுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

5. இந்த நிலையில் திரை முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கும். இனி ஒவ்வொரு எண்ணாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பொடிப் புள்ளிகள் பெரும்பாலும் மறைந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சும்போது நிறுத்திவிட வேண்டும். திரை முழுவதும் துடைத்ததுபோல் ஆகிவிட்டால் அதிகமாகக் குறைத்துவிட்டோம் என்று அர்த்தம். கொஞ்சம் இரைச்சல் இருப்பதுதான் சரியான அடையாளம்.

6. ரேஞ்சைத் தரை ஆழத்துக்குச் சற்றுக் கூடுதலாக, உதாரணத்துக்கு 20 அல்லது 25 மீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். தேவைப்பட்டால் மட்டும் ஃபில்டரைக் குறைந்த அளவில் போட வேண்டும். ஃபில்டரை அதிகம் வைத்தால் மங்கலான மீனும் வடிகட்டப்பட்டுவிடும்.

7. அந்த எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். ஆழம் கணிசமாக மாறும்போது 4, 5-வது படிகளை மட்டும் திரும்பச் செய்தால் போதும். பழகிவிட்டால் ஒரு நிமிட வேலைதான்.

ஈயக்குண்டு சோதனை

செட்டிங் சரிதானா என்பதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். நங்கூரம் போட்டு நிற்கும்போது, தூண்டில் நரம்பில் ஓர் ஈயக்குண்டைக் கட்டி டிரான்ஸ்டியூசருக்கு நேர் கீழே மெதுவாக இறக்க வேண்டும். குண்டு இறங்க இறங்கத் திரையில் சாய்வான கோடு ஒன்று இறங்கும். நிறுத்தினால் கோடு படுக்கையாக ஓடும். கோடு தெரியவில்லை என்றால், நீரோட்டத்தில் குண்டு கூம்பைவிட்டு விலகியிருக்கலாம். இல்லாவிட்டால் சென்சிட்டிவிட்டி போதவில்லை. நரம்பைப் பாகக் கணக்கில் அளந்து இறக்கினால், கருவி காட்டும் ஆழம் சரிதானா என்பதும் தெரிந்துவிடும். கை விரித்து நரம்பை அளந்து ஆழம் பார்த்த பழைய முறை, இப்போது கருவியைச் சரிபார்க்கவும் உதவுகிறது.

சேறா, மணலா, பாறையா?

சென்சிட்டிவிட்டி சரியாக இருந்தால் கிடைக்கும் இன்னொரு லாபம், தரையின் குணம் தெரிவது. சேறு ஒலியை உள்வாங்கிக்கொள்ளும். அதனால் தரைக்கோடு மெலிதாகவும் மங்கலாகவும் இருக்கும். இரண்டாவது எதிரொலி வராது அல்லது லேசாக வரும். பாறை ஒலியைத் திருப்பி அடிக்கும். தரைக்கோடு தடிமனாக, கீழே நீண்ட வாலோடு தெரியும். இரண்டாவது எதிரொலியும் தெளிவாக இருக்கும். மணல் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

மாமல்லபுரம் கடலில் இது வெறும் ஏட்டறிவு அல்ல. கரையில் தெரியும் பாறைகள் கடலுக்குள்ளும் தொடர்கின்றன. 2002-ஆம் ஆண்டில் கோவாவில் உள்ள தேசிய கடலியல் நிறுவனமும் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்றும் இங்கே முக்குளித்து ஆராய்ந்தபோது, கடற்கரைக் கோயிலுக்கு எதிரே 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கட்டடச் சிதைவுகளைப் பார்த்தார்கள். இப்படிக் கல்லும் பாறையும் கலந்த தரையில் தெரியாமல் வலையை இறக்கினால், வலை சிக்கிக் கிழிவது நிச்சயம். தெரிந்து போனால் அதே ‘பார்’ தூண்டிலுக்கு நல்ல இடம். களவா, சங்கரா வகை மீன்கள் பாரை ஒட்டித்தான் நிற்கும்.

ஆனால், சென்சிட்டிவிட்டி அளவுக்கு மீறி இருந்தால் சேறும் பாறை போலத் தடித்துத் தெரியும். மிகக் குறைவாக இருந்தால் பாறையும் சேறு போல மெலிந்து தெரியும். ஒரே எண்ணில் வைத்து இரண்டு இடங்களை ஒப்பிட்டால்தான் தரையைப் பற்றிய கணிப்பு சரியாக இருக்கும். தரையை ஒட்டிப் படுத்திருக்கும் மீன் தரைக்கோட்டோடு கலந்துவிடும் என்பதால், பார் உள்ள இடங்களில் ‘ஜூம்’ வசதியைப் பயன்படுத்தித் தரையை மட்டும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

பருவமும் நேரமும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாலாறும் ஓடைகளும் வண்டல் நீரைக் கடலில் கொண்டுவந்து சேர்க்கும். வாடைக் காற்றில் அலை உடைந்து மேல்நீரில் குமிழிகள் நிறையும். அப்போது திரையின் மேல்பகுதி அடைத்துக்கொண்டதுபோல் இருக்கும். இதற்காக மொத்த சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் கீழே உள்ள மீனும் மறைந்துவிடும். பல கருவிகளில் மேற்பரப்பு இரைச்சலை மட்டும் குறைக்கும் வசதி தனியாக இருக்கிறது. சிலவற்றில் ‘எஸ்.டி.சி.’ என்றும், சிலவற்றில் ‘சர்ஃபேஸ் கிளாரிட்டி’ என்றும் பெயர். அதை மட்டும் சற்றுக் கூட்டினால் போதும். மேல்நீர் மீனைத் தேடும்போது அதையும் குறைவாகவே வைக்க வேண்டும்.

பொழுது சாய்ந்ததும் கடலுக்குள் காட்சி மாறும். பகலில் கீழே இருந்த நுண்ணுயிர்களும் சிறு இறால் வகைகளும் இரவில் மேலே வரும். அவை திரையில் படுக்கையாக ஒரு பட்டை போலத் தெரியும். அது மீன் கூட்டம் அல்ல. ஆனால் மீனுக்கு இரை. பகலில் பந்து போல இறுகி நிற்கும் கவலைக் கூட்டம் இரவில் கலைந்து, தனித்தனிப் புள்ளிகளாகவும் தெரியலாம். அதனால் பகலில் வைத்த எண்ணை இரவில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

பொய்ப் புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் வழி

திரையில் சந்தேகமான புள்ளிகள் வந்தால், முதலில் ஒரு நிமிடம் இன்ஜினை அணைத்துப் பார்க்க வேண்டும். புள்ளிகள் மறைந்தால் அது இன்ஜினின் மின் இரைச்சல். டிரான்ஸ்டியூசர் வயரை இன்ஜின் வயர்களோடு சேர்த்துக் கட்டியிருந்தால் இப்படி வரும். வயரைத் தனி வழியில் கொண்டு போவதும், கருவிக்குத் தனி 12 வோல்ட் பேட்டரி வைப்பதும் தீர்வு.

ஒழுங்கான இடைவெளியில் சாய்வாகப் புள்ளிகள் ஓடினால், பக்கத்துப் படகின் கருவி அதே அலைவரிசையில் வேலை செய்கிறது என்று பொருள். இதற்கென்று உள்ள இன்டர்ஃபியரன்ஸ் ஃபில்டரைப் போட்டால் சரியாகிவிடும். படகு வேகமெடுத்தால் மட்டும் தரை துண்டுதுண்டாகத் தெரிந்தால், டிரான்ஸ்டியூசருக்கு அடியில் குமிழி போகிறது. பொருத்திய இடத்தை மாற்ற வேண்டும். இந்த மூன்று குறைகளையும் சென்சிட்டிவிட்டியைத் திருகிச் சரிசெய்ய முடியாது.

அலையைத் தாண்டி மணலில் ஏற்றும் படகுகளில் டிரான்ஸ்டியூசர் எளிதில் அடிபடும். கரையேறும் முன் தூக்கிவிடும்படி, ஓரத்தில் கம்பில் பொருத்துவது பாதுகாப்பு. முகத்தில் பாசியும் கொட்டலசும் படிந்தால் எதிரொலி பலவீனமாகும். மென்மையான துணியால் துடைக்க வேண்டும். கத்தியால் சுரண்டக் கூடாது. தடிமனான பெயின்ட் அடிக்கவும் கூடாது.

கருவி பாதி, குறிப்பு மீதி

உலகின் முதல் நடைமுறை ஃபிஷ் ஃபைண்டர் 1948-ல் ஜப்பானின் நாகசாகி பகுதியில் ஃபுருனோ சகோதரர்களால் உருவாக்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1935-ல் நார்வே விஞ்ஞானி ஆஸ்கார் சுண்ட், காட் மீன் கூட்டங்களின் எதிரொலிப் பதிவை வெளியிட்டிருந்தார். அன்று காகிதத்தில் கருங்கோடாக வந்தது, இன்று வண்ணத் திரையில் வருகிறது. ஆனால், கோட்டைப் பார்த்து இது இன்ன மீன் என்று சொல்வது அன்றும் இன்றும் மீனவரின் அனுபவம்தான்.

அந்த அனுபவத்தை நோட்டில் ஏற்றிவைப்பது நல்லது. தேதி, நேரம், ஜி.பி.எஸ். இடம், ஆழம் எத்தனை பாகம், அலைவரிசை, சென்சிட்டிவிட்டி எண், தரை வகை, திரையில் தெரிந்த வடிவம், கடைசியில் வலையில் வந்த மீன் – இவ்வளவும் ஒரு வரியில் அடங்கிவிடும். ஒரு பருவம் எழுதினால், எந்த வடிவம் எந்த மீன் என்பது அந்தந்த ஊர்க் கடலுக்கே உரிய பாடமாகக் கையில் இருக்கும். நிலத்தில் பயிர்க் குறிப்பு எழுதும் விவசாயிக்கு இதன் அருமை தெரியும்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் தரும் கடல் வெப்பம், பச்சையம் ஆகிய தகவல்களை வைத்து மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை அறிவிக்கிறது. எந்தத் திசையில், எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அது சொல்லும். போன இடத்தில் படகுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை எக்கோ சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தேடி அலையும் தூரம் குறையும்.

மீனைக் கண்டுபிடிப்பது எளிதாகும்போது பொறுப்பும் கூடுகிறது. குஞ்சு மீன் கூட்டம் என்று தெரிந்தால் வலையை இறக்காமல் நகர்வதுதான் அடுத்த பருவத்துக்கான முதலீடு.

வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆட்டோவிலேயே விட்டுவிட்டால் என்ன?

பதில்: புதிதாகக் கற்பவர்களுக்கும், வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஆட்டோ போதும். ஆனால் ஆட்டோ, திரையைச் சுத்தமாகக் காட்டும் நோக்கத்தில் பலவீனமான எதிரொலிகளை மறைத்துவிடும். வஞ்சிரம், கணவாய் தேடும்போது மேனுவலுக்கு மாறுவதே சரி. சில கருவிகளில் ஆட்டோவிலேயே ஒன்றிரண்டு படி ஏற்றி இறக்கும் வசதி உண்டு. முதலில் அதில் பழகலாம்.

கேள்வி: திரையில் மீன் படமாகவே வருகிறது. வலை போட்டால் ஒன்றும் இல்லை. ஏன்?

பதில்: அது ‘ஃபிஷ் ஐ.டி.’ என்ற வசதி. நீரின் நடுவே வரும் எதிரொலியை மீனாகக் கருதிக் கருவியே படம் போட்டுக் காட்டும். மிதக்கும் குப்பை, குமிழிக் கூட்டம், சொறி மீன் எல்லாமே மீன் படமாக வரலாம். அதை அணைத்துவிட்டு, உண்மையான எதிரொலியின் வடிவத்தையும் நிறத்தையும் பார்த்துப் பழகுவது நல்லது.

கேள்வி: மீன் வில் போலத் தெரிய வேண்டும் என்கிறார்கள். எங்கள் கருவியில் வெறும் கோடுதான் வருகிறது. பழுதா?

பதில்: பழுது இல்லை. படகு நகரும்போது மீன் கூம்பின் ஓரத்தில் நுழைந்து, நடுவுக்கு வந்து, மறுபக்கம் வெளியேறினால்தான் வில் வரும். படகும் மீனும் நின்றிருந்தால் நீண்ட கோடாகத்தான் தெரியும். சென்சிட்டிவிட்டி குறைவாக இருந்தாலும் வில்லின் இரு முனைகளும் அறுந்து, நடுப்பகுதி மட்டும் சிறு கோடாகத் தெரியும்.

கேள்வி: ஃபைபர் படகின் உள்பக்கமாகவே டிரான்ஸ்டியூசரை ஒட்டலாமா?

பதில்: அடிப்பகுதி முழுக்க ஃபைபர் மட்டும் என்றால், அதற்கென்று உள்ள வகையை ஒட்டலாம். நடுவில் காற்றிடைவெளி இருக்கக் கூடாது. அடிப்பகுதியில் ஃபோம் அல்லது மரம் வைத்து மூடியிருந்தால் ஒலி கடக்காது. உள்பக்கம் ஒட்டினால் எதிரொலி கொஞ்சம் குறையும். அதற்கேற்ப சென்சிட்டிவிட்டியைச் சற்றுக் கூட்டி வைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: இதற்குப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

பதில்: மத்திய அரசின் மீன்வள, கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனமான ‘சிஃப்நெட்’டின் சென்னைப் பிரிவு ராயபுரத்தில் இருக்கிறது. அங்கும், அந்தந்தப் பகுதி மீன்வளத் துறை அலுவலகத்திலும் பயிற்சி, மானிய விவரங்களை விசாரிக்கலாம். நாலைந்து படகுக்காரர்கள் சேர்ந்து கேட்டால், ஊரிலேயே செயல்விளக்கம் நடத்தித் தரக் கோரவும் வசதியாக இருக்கும்.